பல்லியின் வால் மூன்றங்குலம்

பல்லியின் வாலை அளந்து எழுதும்படி மதராஸ் விலங்கியல் பேராசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். கடிதம் ஆம்பூருக்கு வந்தபோது பல்லி செத்து நான்கு நாளாகியிருந்தது. துரைசாமி அதைப் புதைத்தும் விட்டார்.

தோல் மண்டியில் ரகம் பிரிக்கிற வேலை அவருக்கு. சிந்துப் பக்கத்திலிருந்து வந்த உப்புத்தோல் கட்டைப் பிரித்தபோது மணல் நிறத்தில் அது கிடந்தது. நம்மூர்ப் பல்லியைப் போலச் சுவரில் ஏறத் தெரியவில்லை. விரலில் அதற்கான பட்டையே இல்லை. தரையில் நடந்து, நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லாதவர், அதை எடுத்துப் போய் மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்தார். அபூர்வப் பிராணிகளைக் கண்டவர்கள் தமக்கு எழுதலாம் என்று பேராசிரியர் கொடுத்திருந்த விளம்பரம் ஒரு பழைய பத்திரிகையில் கண்ணில் பட, கார்டு போட்டார். அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்தக் கடிதம். ‘அன்புள்ள துரைசாமி அவர்களுக்கு’ என்ற முதல் வரியை மட்டும் பல முறை படித்தார். அவர் பெயருக்குக் கடிதம் வந்து ஒன்பது வருஷமாகியிருந்தது.

செத்துவிட்டது என்று எழுதினால் அதோடு எல்லாம் நின்றுவிடும். வால் மூன்றங்குலம் என்று எழுதிப் போட்டார்.

இவ்வளவு நீள வாலுள்ள பாலைவனப் பல்லி எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லையே என்று பதில் வந்தது. பயந்துபோய், வால் அறுந்துவிட்டதாக எழுதினார். வாலடி தடித்திருந்தால் ஆண், பார்த்துச் சொல்லுங்கள் என்றது அடுத்த கடிதம். தடித்திருக்கிறது என்றார். ஐப்பசி மழையில் எழுத விஷயமே அகப்படாமல், இரண்டு முட்டை இட்டிருப்பதாக எழுதினார். தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது.

ஆண் பல்லி முட்டையிட்டால் அது நிச்சயம் புது இனம், உங்கள் பெயரையே வைத்துவிடலாம், சாராயத்தில் ஊறப்போட்டு அனுப்புங்கள் என்று வந்தது பதில்.

ஒரு வீட்டுப் பல்லியையாவது பிடித்துப் போடலாம் என்று துரைசாமி சாராயம் வாங்கப் போனார். கூட வேலை செய்யும் ஷபீ அஹமது பார்த்துவிட்டார்.

"இன்னா துரைசாமி, எப்பலேர்ந்து?"

"பல்லிக்கு வாங்கறேன்."

மறுநாள் மண்டியில் எல்லாரும் அவரிடம் ரொம்ப மெதுவாகப் பேசினார்கள்.

வீட்டுப் பல்லியைக் கொல்லவும் மனம் வரவில்லை. கண்ணெதிரே வளர்ந்ததைச் சாகடிக்க முடியாது என்று எழுதினார். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் நானே வருகிறேன் என்று பதில்.

ரயிலிலிருந்து துணி சுற்றிய கண்ணாடி ஜாடியோடு மெலிந்த மனிதர் ஒருவர் இறங்கினார். துரைசாமி கும்பிட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டார். கடைசியில் காலி டப்பாவை எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

"பல்லி செத்து ஏழு மாசம் ஆச்சுங்க. நான் எழுதுனதெல்லாம் பொய். உங்க கடுதாசி நின்னுடுமேன்னு பயந்துட்டேன்."

வந்தவர் துணியை அவிழ்த்து, தன் காலி ஜாடியை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பேராசிரியர் செத்து ஒரு வருஷம் ஆவுதுங்க," என்றார். "உங்களுக்கு எழுதுனதெல்லாம் நான்தான், அவர்கிட்ட ஜாடி கழுவுனவன்."