ஒரு விரல் தூரம்

முப்பது வருஷமாய் ஒரு மனுசியோடு எனக்குக் கோபம். அவவுக்கு அது தெரியாது. அது இன்னொரு கோபம். லண்டன் மனோர் பார்க் கோயிலில் கண்டால் "எப்பிடித் தம்பி, சுகமோ?" என்பா. நானும் "ஓம் அன்ரி, நல்ல சுகம்" என்று பல்லைக் காட்டுவேன். (பல்லைக் கடித்துக்கொண்டே காட்டுவது ஒரு கலை. நான் அதில் பண்டிதன்.)

அவவின் பெயர் பூமணி அன்ரி. செய்த குற்றம், பாசல்.

வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்ட கதை தெரியும்தானே? எங்கட சனத்திடம் பயணம் போகிறேன் என்று வாய் திறப்பதும் அதுதான். தொண்ணூற்று மூன்றில் நான் திறந்தேன். ஏழு வருஷம் பெற்றோல் ஸ்ரேஷனில் கல்லாவுக்குப் பின்னால் குந்தியிருந்துவிட்டு நேர்ஸ் படிப்புக்குப் போனவன் நான். கடைசிப் பயிற்சி ஆறு கிழமை, ஆபிரிக்காவில், மலாவியில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். கோயில் படியில் நின்று பெருமையாய்ச் சொன்னேன். அடுத்த சனி காலமை கதவைத் திறந்தால் பூமணி அன்ரி, ஒரு கையில் பாசல், மற்றக் கையில் மகனின் பள்ளிக்கூடத்து உலகப்படப் புத்தகம்.

"எங்கட தம்பியும் அங்கைதான் கணக்குப் படிப்பிக்கிறான். இஞ்சை பாரும், இது உம்மட ஆஸ்பத்திரி, இது அவன்ர ஊர். ஒரு விரல் தூரம்."

விரலை வைத்தும் காட்டினா. உண்மைதான், ஒரு விரல். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரும் எந்த ஊருக்கும் சைக்கிள் தூரம். அந்தக் கணக்கோடு லண்டனுக்கு வந்த மடையனுக்கு, அந்த விரலுக்குக் கீழே பதினாலு மணித்தியால பஸ் ஓட்டம் படுத்திருப்பது எப்படித் தெரியும்? (அவவின் விரல் நல்ல தடிப்பு என்பதையும் சொல்லவேண்டும்.)

பாசலில் இரண்டு கிலோ மிளகாய்த்தூள், மாங்காய் ஊறுகாய், பனங்கட்டி, ஒரு வேட்டி. நடுவிலே, குழந்தையைப் போல் துவாயில் சுற்றி, ஒரு இடியப்ப உரல்.

"ஏலாது அன்ரி" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே மூன்று எழுத்து. என் வாய் "ஓம்" என்றது.

ஆஸ்பத்திரியில் எங்கள் வார்ட்டின் தலைமை நேர்ஸ், அந்த ஊர்க்காரி சிஸ்டர் பிரி. வார்ட்டுக்கே மகாராணி. முதல் நாளே சொன்னா: "மிஸ்டர் சிவா, திங்கள் காலை ஏழு மணிக்கு வார்ட் ரிப்போட். அதற்கு இல்லாதவருக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன்." கையெழுத்து இல்லையென்றால் நான் நேர்ஸ் இல்லை, திரும்பப் பெற்றோல் கல்லா.

மற்றபடி எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. நோயாளிகளின் சொந்தக்காரர் முற்றத்துக் கொட்டிலில் அடுப்பு மூட்டிச் சோளமாக் களி கிண்டுவார்கள். எனக்கும் ஒரு உருண்டை வரும். ஒருவரைக் கண்டால் எப்படித் தூக்கம், வீட்டில் எப்படி என்று கேட்டு, அவர் திருப்பிக் கேட்க விட்டு, அதன் பிறகுதான் வேலை. லண்டனில் இப்படிக் கேட்டால் பொலிசைக் கூப்பிடுவார்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில், கூட வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெட்டையள் ஏரியில் நீந்தப் போனார்கள். நான் உரலோடு பஸ் ஏறினேன். விடிய ஐந்து மணிக்கு ஏறியவன் இரவு ஏழுக்கு இறங்கினேன். மடியில் உரல், உரலுக்கு மேல் பக்கத்துச் சீற் அம்மாவின் கோழி. அது பனங்கட்டியைக் கொத்தியதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும் மனநிலையில் இல்லை.

அன்ரியின் தம்பி நடராசா மாஸ்ரர் பாசலைப் பிரித்தார். பார்த்தார். சிரித்தார்.

"அக்காவுக்கு என்ன விசரே? தூள், ஊறுகாய் எல்லாம் சந்தியில குஜராத்திக் கடையில கிடக்கு. உரல் என்னட்டை ரெண்டு இருக்கு."

ரெண்டு! மூன்றாவதை அவருடைய தலையில் போடாமல் விட்டது என் தாய் செய்த புண்ணியம்.

"நாளைக்கு விடிய ஆறு மணி பஸ் மாஸ்ரர். அதை விட்டால் வேறை பஸ் இல்லை. திங்கள் ஏழு மணிக்கு நான் வார்ட்டில நிக்கவேணும்" என்றேன்.

"ஓம் ஓம், அதுக்கென்ன. அக்காவுக்கு ஒரு சின்னப் பாசல் தாறன்."

விடிய எழும்பிப் பார்த்தால், முற்றத்தில் பாய் விரித்து நெத்தலி மாதிரிச் சின்ன ஏரி மீன் காய்கிறது. மாஸ்ரர் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார். அது வளைந்தது.

"இன்னும் ஈரம், தம்பி. ஒரு வெயில் காட்டினால் காணும்."

"பஸ் போகப்போகுது!"

"பச்சையாய்க் கொண்டு போனால் மணக்குமெல்லே? அக்கா என்ன நினைப்பா?"

பஸ் போனது. தூசி பறந்தது. அந்தத் தூசியிலும் மீனில் மொய்த்த ஈயைக் கலைத்துக்கொண்டு நின்றவன் நான்தான். ஏன் நின்றேன்? ஏன் ஓடவில்லை? அதுதான் இன்றைக்கும் என் நெஞ்சைக் கொதிக்க வைக்கிற கேள்வி. பூமணி அன்ரியைவிட, மாஸ்ரரைவிட, அந்தப் பாய்க்குப் பக்கத்தில் நின்ற இருபத்தெட்டு வயது மாட்டின் மேல்தான் எனக்குக் கோபம் கூட.

மத்தியானம் ஒரு சோளமா லொறியில் மூட்டைக்கு மேல் மூட்டையாய் ஏறினேன். வழியில் லொறிக்கு அச்சு முறிந்தது. திங்கள் பத்து மணிக்கு, தலை முழுக்க மா, கையில் மீன், வார்ட்டுக்குள் போனேன்.

சிஸ்டர் பிரி மூக்கைச் சுளித்தா. "எங்கே போனீர்?"

"ஒருவருக்குப் பாசல் கொடுக்க."

"உம்முடைய அண்ணனுக்கா?"

"இல்லை."

"சொந்தக்காரருக்கா?"

"இல்லை. லண்டனில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் தம்பிக்கு."

வார்ட் முழுக்கச் சிரித்தது. கால் முறிந்து கட்டித் தூக்கியிருந்த கிழவர்கூடக் குலுங்கினார். சிஸ்டர் சிரிக்கவில்லை. "முப்பத்திநாலு கட்டில். ஒவ்வொருவரிடமும் போய், முறையாகச் சுகம் கேட்டு, அதன்பின் மன்னிப்புக் கேளும். கையெழுத்தைப் பிறகு பார்ப்போம்."

கேட்டேன். எப்படித் தூக்கம், வீட்டில் எப்படி, மன்னியுங்கோ. முப்பத்திநாலு தரம். பன்னிரண்டாவது கட்டிலில் ஒருவர், மீன் விற்பதா என்று விலை கேட்டார்.

மிச்ச மூன்று வாரமும் ஆறரைக்கே வார்ட் வாசலில் நின்றேன். இரவில் படுத்துக்கொண்டு ஒரே ஒரு சொல்லைப் பாடமாக்கினேன்: ஏலாது. ஏலாது. ஏலாது.

கடைசி நாள் சிஸ்டர் என் தாளை முன்னால் வைத்து, பேனையைத் திறந்து, என்னைப் பார்த்து, மெல்லக் கையெழுத்து வைத்தா. எனக்குக் கண் கலங்கியது. பிறகு குனிந்து, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தா.

"சின்னதுதான், மிஸ்டர் சிவா. என் அக்காவின் மகள் உங்கள் நாட்டில் படிக்கிறாள். லண்டனுக்குப் பக்கத்தில். படத்தில் பார்த்தேன்." விரலைக் காட்டினா. "இவ்வளவுதான்."

விலாசத்தைப் பார்த்தேன். அபர்டீன். ஸ்கொட்லாந்தின் உச்சந்தலை.

நான் "ஓம்" என்றேன்.

லண்டனில் மீன் பாசலைக் கையில் வாங்கிய பூமணி அன்ரி ஒன்றைக் கடித்துப் பார்த்துச் சொன்னது: "உப்புக் கூடப் போட்டிட்டான்."

எங்கள் வீட்டில் இப்போது யாரும் 'தூரம்' என்ற சொல்லைப் பாவிப்பதில்லை. கார் நடுவழியில் நின்றாலும், கடைக்குப் போன நான் இரண்டு மணித்தியாலமாய் வராவிட்டாலும், மனிசியும் மகளும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அவ்வளவுதான்.

போன மாதம் மகளுக்குப் பேர்த்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பயிற்சி கிடைத்தது. கோயிலில் நான் மூச்சு விடவில்லை. எப்படியோ மோப்பம் பிடித்து, எண்பது வயதில், பொல்லூன்றி வந்தா பூமணி அன்ரி.

"பிள்ளை அவுஸ்திரேலியாவுக்காமே? எங்கட நடராசாவும் இப்ப சிட்னியிலதான். பேர்த்துக்குப் பக்கத்தில..."

சிட்னி கிழக்குக் கரை, பேர்த் மேற்குக் கரை. முப்பது வருஷக் கோபத்தையும் ஒன்றாய்த் திரட்டி வாயைத் திறந்தேன்.

"ஓம் அன்ரி. எத்தனை கிலோ?"

அன்ரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, மகள் என்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினாள்.