வெள்ளிமலையில் கே.எம்.பி. கேட்ட கதை

அரசு அலுவலகம் ஒன்று தன் காதால் எதையாவது கேட்கவேண்டுமானால் அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். அப்படியோர் உத்தரவு ஒரு திங்கட்கிழமை வெள்ளிமலைச் சிறுதானிய ஊக்க அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. "கே.எம்.பி. வலையொலியை அனைத்துக் களப்பணியாளர்களும் வாரந்தோறும் தவறாது செவிமடுத்து, அதன்வழி நடந்து, நடந்தமைக்கான புகைப்படத்துடன் அறிக்கை அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்றது சுற்றறிக்கை. செவிமடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அதில் எழுதவில்லை. எழுதாததனாலேயே எல்லோருக்கும் பயமாக இருந்தது.

உதவி அலுவலர் செழியனுக்கு அப்போது வேறு கவலை. ஊருக்கு இருந்த ஒரே சாமை மிஷினின் மோட்டார் மழைக்காலத்தில் எரிந்துபோயிருந்தது. உமி நீக்க வழியில்லாமல், காட்டு வேலை முடிந்து வந்த பெண்கள் உரலில் போட்டுக் குத்திக்கொண்டிருந்தார்கள். மிஷினை நடத்தும் மகளிர் குழுவின் தலைவி தைலம்மாள், சந்தைக்கு வரும்போதெல்லாம் அலுவலக வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னா சாரு, மோட்டாரு வருதா?"

"எழுதிக்கினுதான் இருக்கேன்மா. மேல போயிருக்கு."

"மேலன்னா எங்க? நாங்களே மலை உச்சியில கீறோம். எங்களுக்கும் மேல எவன் சாரு குடியிருக்கான்?"

செழியன் கோப்பு எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒருநாள் அவள் கையை நீட்டிப் பேசியபோது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம் உடைந்து காய்த்துக் கிடந்ததைப் பார்த்தார். அன்று மதியம் சாப்பிடப் போகாமல் இன்னொரு நினைவூட்டுக் கடிதம் எழுதினார். மனுஷன் கெட்டவர் இல்லை. அரசு ஊழியர், அவ்வளவுதான்.

சுற்றறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த இளநிலை உதவியாளர் ராதிகா கேட்டாள்: "சார், வலையொலின்னா பாட்காஸ்ட்டுதான, அது தெரியுது. கே.எம்.பி.ன்னா இன்னா சார்?"

"அது துறையோட பேரும்மா."

"விரிவா?"

"விரிவா யாரும் சொல்லலையே."

"கள்ளக்குறிச்சிக்கு ஒரு போன் போட்டு மாவட்ட ஆபீசர் மேடத்தையே கேட்டுட்டா?"

செழியன் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. ஓர் உத்தரவுக்கு அர்த்தம் கேட்பது என்றால் அது புரியவில்லை என்று பொருள். புரியவில்லை என்றால் பதவிக்குத் தகுதியில்லை என்று பொருள். துறை தோன்றிய நாளிலிருந்து யாரும் அந்தத் தவறைச் செய்ததில்லை. அதனால்தான் துறை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அலுவலகத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. மலைப்பாதையில் பலாமரம் நிற்கும் வளைவில்தான் கிடைக்கும். இருவரும் அங்கே போய் நின்று கே.எம்.பி. என்று தேடினார்கள். திரையில் வரிசையாகக் கே.எம்.பி.கள் வந்து நின்றன. ஒன்றைத் தொட்டால் வட்டம் சுற்றியது. அடுத்ததைத் தொட்டால் அதுவும் சுற்றியது. கடைசியில் ஒன்று மட்டும் வாய் திறந்தது.

"வணக்கம், நேயர்களே. கே.எம்.பி.க்கு வரவேற்கிறேன். இன்று நாம் முழங்காலைப் பற்றிப் பேசப்போகிறோம்" என்றார் ஒரு டாக்டர், குழந்தைக்கு ஊசி போடப்போகிறவரின் கனிவோடு. அது 'கால் மூட்டுப் பராமரிப்பு' என்னும் வலையொலி. இவ்வாறு அரசின் குரல் எது என்பதைப் பலாமரத்தடி சிக்னல் தீர்மானித்தது.

"சாமைக்கும் முழங்காலுக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்றாள் ராதிகா.

செழியன் யோசித்தார். யோசிக்க யோசிக்கச் சம்பந்தம் பெருகிக்கொண்டே வந்தது. "சாமை வெதைக்கிறவன் எதுல நடக்கிறான்? கால்ல. களை எடுக்கிறவ எதை மடக்கிக் குந்துறா? முட்டியை. டைரக்டரேட்ல உக்காந்துக்கினு யோசிக்காமலா சொல்லுவாங்க?"

அந்த வாரமே சாமைக் கொல்லையில் முகாம் நடந்தது. வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் விவசாயிகளை உட்காரவைத்து, இடது காலைத் தூக்கச் சொல்லி, தூக்கிய காலைப் படமெடுக்கும்வரை இறக்கக் கூடாது என்று ராதிகா அறிவித்தாள். 'சாமை சாகுபடிப் பரப்பில் முழங்கால் மேம்பாடு' என்று அறிக்கைக்குத் தலைப்பு வைத்தார் செழியன். வாரம் தவறாமல் போகும் அறிக்கையில் ஒரு நகல் டாக்டருக்கும் போயிற்று. உத்தரவு பிறந்த இடத்துக்கு நகல் அனுப்புவது முறை.

தைலம்மாளும் காலைத் தூக்கினாள். தூக்கியபடியே சொன்னாள்: "காலு நல்லாத்தான் கீது சாரு. கைதான் வலி தாங்கல."

"கைக்கு இன்னும் உத்தரவு வரலைம்மா" என்றார் செழியன்.

மாதக் கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஆய்வுக்கூட்டம். தலைமை, மாவட்ட அலுவலர் சந்திரலேகா. செழியன் முழங்கால்களைக் காட்டி முடித்ததும், உளுந்தூர்பேட்டை அலுவலர் பாண்டியன் எழுந்தார்.

"கே.எம்.பி.யில சொன்னபடி, எங்க பகுதியில ஒவ்வொரு கம்பங்கொல்லையிலயும் அவங்கவங்க குலதெய்வத்துக்குப் பொங்கல் வெச்சு முடிச்சிட்டோம் மேடம். தெய்வம் தெரியாதவங்களுக்கு ஆபீஸ் மூலமா தற்காலிகமா ஒண்ணு ஒதுக்கியிருக்கோம்."

அவர் கேட்டது 'குலதெய்வ மகிமைப் பேருரை'. அடுத்துச் சின்னசேலம் அலுவலர் மணிமொழி. அவள் காட்டிய படத்தில் கேழ்வரகு விவசாயிகள் வரப்பில் வரிசையாக நின்று, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குறுக்காக வைத்து இதயம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவள் கேட்டது 'கொரியன் மியூசிக் பாரடைஸ்'.

"ஆட்டம் மட்டும் இன்னும் முழுசா வரல மேடம். அடுத்த பருவத்துக்குள்ள முடிச்சிடுவோம்" என்றாள்.

நடந்தது என்னவென்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. சந்திரலேகாவுக்கும் புரிந்தது. ஆனால் எது சரியான கே.எம்.பி. என்று அவர் சொல்லவேண்டுமானால் அதை அவர் கேட்டிருக்கவேண்டும். அவர் ஒவ்வொரு வாரமும் உண்மையாகவே கேட்டுவந்தது 'கிச்சன் மசாலா பக்குவம்'. போன வாரம்தான் துறை இயக்குநருக்கு, தங்கள் வத்தக்குழம்பு குறித்த தொலைநோக்கு வியக்கத்தக்கது என்று கடிதம் எழுதியிருந்தார்.

"உடல், உள்ளம், உற்சாகம்" என்றார் சந்திரலேகா, மேசையில் விரலால் தட்டி. "நம்ம துறை ஒருங்கிணைந்த பார்வையோட செயல்படுதுங்கிறதுக்கு இதைவிட ஆதாரம் வேணுமா? எல்லாரும் எழுதிக்குங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அன்றைய கூட்டத்தில் சிறுதானியம் என்ற சொல், டீயோடு வந்த கம்பு பிஸ்கட்டைக் கேட்டு வாங்குவதற்கு மட்டும் பயன்பட்டது. செழியன் மோட்டாரைப் பற்றிப் பேச வாயெடுத்தார். அதற்குள் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு குறை சொல்வது நன்றாக இருக்காது.

இங்கேதான் டாக்டர் குறுக்கே வந்தார். வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையிலிருந்து வாராவாரம் வந்த அறிக்கைகளைப் படித்து அவர் உருகிப்போயிருந்தார். "மலையில் எனக்கு இத்தனை நேயர்களா!" என்று தழுதழுத்து, அவர்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி பேசினார். நின்ற நிலையில் உரலில் உலக்கை போடுவதைப்போல மூட்டுக்கும் இடுப்புக்கும் உகந்த பயிற்சி வேறில்லை என்றும், கல்வராயன் மக்கள் தயவுசெய்து எந்த மிஷினையும் தொட்டுவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பேச்சும் வழக்கம்போல வார அறிக்கையில் ஏறியது. மாவட்ட அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த மோட்டார் கோப்பு அந்த வாரமே எழுந்து நடந்தது. ஆனால் கீழ்நோக்கி. 'மோட்டார் வழங்குவது விவசாயிகளின் மூட்டு நலனுக்கு ஊறு விளைவிக்கும் என கே.எம்.பி. தெளிவுபடுத்தியுள்ளதால், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

செழியனே நேரில் போய்ச் சொன்னார். தைலம்மாள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"இடிக்கிறது அவ்ளோ நல்லதா சாரு?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றாரு."

"எங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"நாற்காலியிலயே உக்காந்திருக்கிறவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி நல்லதாம்."

"அப்ப நீங்கல்லாம் வந்து இடிங்களேன். பாவம், உங்க முட்டி இன்னா ஆவும்?"

அவள் கோபத்தில்தான் சொன்னாள். செழியன் அதைக் 'களத்திலிருந்து பெறப்பட்ட கருத்து' என்று அறிக்கையில் சேர்த்தார். ஏன் சேர்த்தார் என்று அவருக்கே தெரியாது, வயிற்றெரிச்சலாக இருக்கலாம். அறிக்கையில் இருப்பதை யாரும் படிப்பதில்லை, ஆனால் செயல்படுத்திவிடுவார்கள். அலுவலர்கள் அனைவரும் சனிக்கிழமைதோறும் வெள்ளிமலை சென்று தலைக்கு ஒரு மரக்கால் சாமை குத்திப் புகைப்படத்துடன் அறிக்கை அளிக்குமாறு மாவட்ட அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது.

ஜீப்புகள் மலையேறின. சந்திரலேகா முந்தானையைச் செருகிக்கொண்டு உலக்கை பிடித்த படம் வெளியானதும், கள்ளக்குறிச்சிப் பெரிய மனிதர்களுக்குப் பொறுக்கவில்லை. நகைக்கடைக்காரர்கள், பள்ளித் தாளாளர்கள், ரியல் எஸ்டேட் அதிபர்கள் எல்லாம் புது ஷூவும் டிராக் பேண்டும் மாட்டி, மணிக்கட்டில் இதயத் துடிப்பு எண்ணும் கடிகாரத்தோடு வந்து இறங்கினார்கள். தங்கள் வீட்டு மிக்சியைக்கூடத் தாங்களே அழுத்தி அறியாதவர்கள், உரலுக்கு வரிசையில் நின்றார்கள். இன்னொரு மரக்கால் வேண்டும் என்று சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தவர்களும் உண்டு. தைலம்மாளும் மற்ற பெண்களும் நிழலில் உட்கார்ந்து புடைத்தார்கள். ஊர்ச் சாமை தீர்ந்து, பக்கத்து ஊர்ச் சாமையும் வந்து குவியத் தொடங்கியது.

இது எதுவும் செழியனின் உறுத்தலைப் போக்கவில்லை. ஒருநாள் பலாமரத்தடியில் வழக்கம்போலக் கே.எம்.பி.யைத் தேடியபோது, இதுவரை சுற்றிக்கொண்டே இருந்த வட்டங்களில் ஒன்று நின்றது. சோர்ந்துபோன ஒரு குரல் பேசியது.

"கல்வராயன் மில்லட் புராஜெக்ட் வலையொலியின் கடைசிப் பகுதி இது. பழுதான மிஷின் உள்ள ஊர்கள் ஒரு வரி எழுதினால் மறுவாரமே புது மோட்டார் தருகிறோம் என்று முதல் பகுதியிலிருந்து சொல்லிவருகிறேன். இதுவரை ஒருவரும் எழுதவில்லை. ஒருவரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். யாராவது இருந்தால்..."

பேசியது துறை இயக்குநரேதான். செழியன் உரிய வழி, முறையான வழி எல்லாவற்றையும் மறந்து, பணியில் சேர்ந்த பிறகு முதன்முறையாக நேராக ஒரு வரி எழுதி அனுப்பினார்: வெள்ளிமலைக்கு மோட்டார் வேண்டும்.

மோட்டார் வந்தது. ஒரே ஒரு நேயரைக் கண்ணால் பார்க்கும் ஆசையில் இயக்குநரும் கூடவே வந்தார். வந்தது சனிக்கிழமை. ஜீப்பிலிருந்து இறங்கியவர் நீண்ட வரிசையையும், உரல்களையும், வியர்த்துக்கிடந்த தன் துறையையும் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன இதெல்லாம்?"

சந்திரலேகா உலக்கையை விடாமலே சொன்னார்: "உங்க கே.எம்.பி.யில சொன்னதுதான் சார். எல்லாரும் கேக்கிறோம். ஒரு வாரம்கூட விடறதில்ல."

இயக்குநர் இப்படி எதையும் சொன்னதில்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காலியான அறையில் மாதக்கணக்காகப் பேசிய மனிதர் அவர். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கண் கலங்கியது.

"ஆமாம்" என்றார். "நான்தான் சொன்னேன்."

கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அவரும் வரிசையில் போய் நின்றார்.

செழியன் மட்டும் மோட்டாரைச் சாக்குப் பிரித்துத் தைலம்மாள் முன்னால் வைத்தார். "வந்துடுச்சும்மா. புதுசு. இனிமே கை வலிக்காது."

தைலம்மாள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். தட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது சாரு. ஓரமா வெச்சிடுங்க, குந்த ஆவும்."

"மாட்டலையா?"

"இத மாட்டினா இவங்கல்லாம் அப்பறம் வருவாங்களா?" வரிசையைக் கண்ணால் காட்டினாள். "மோட்டாருக்கு கரண்டு வேணும், ரிப்பேரு பாக்க ஆளு வேணும். இவங்களுக்கு ஒரு சர்க்குலரு போதும். செலவு கம்மி சாரு." பிறகு உலக்கையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "உங்க மொறை வந்துட்டுது. பின்னால டைரக்டரு நிக்கிறாரு, சீக்கிரம்."

செழியன் குத்தத் தொடங்கினார். ராதிகா படமெடுத்தாள். முதல் மரக்கால் முடிவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி எரிந்தது. நிறுத்திவிட்டு, கை வலி தாங்கவில்லை, இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.

மோட்டார்மேல் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்த தைலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கைக்கு இன்னும் உத்தரவு வரல சாரு" என்றாள்.