கார்டில் காணாமல் போன அம்மா

பாக்கார் ஆராங் அச்சுக்கடை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் விரலில் இன்னும் பசை ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. கால் அந்தப் பக்கம் போனது, அவ்வளவுதான். வேலை போவது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு நின்றவன். கோழிப்பண்ணை, டயர்க்கடை, லோரி என்று எல்லாவற்றிலும் கொஞ்ச நாள் இருந்திருக்கிறேன். ஆனால் தமிழ் அதிகம் தெரிந்ததற்காக வேலை போனது அதுதான் முதல் தடவை. (தெரியும் என்று நினைத்தது நான் மட்டும்தான்.)

புக்கிட் செலம்பாவ் ஊர்த் தனலெட்சுமி அக்கா மகள் கல்யாணத்துக்குக் கார்டு அடிக்க வந்திருந்தார். கணவர் இறந்து பதினோரு வருடம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பிறகு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்து மகளை நர்சாக்கியவர். எழுதிக் கொடுத்த தாளில், அழைப்பவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டிருந்தார்.

"முறையா போடுங்க தம்பி," என்றார். அந்த ஒரு சொல் போதும், எனக்குள் இருந்த புலவர் எழுந்துவிட்டார்.

கடையில் பழைய கார்டுகளை ஒட்டி வைத்த தடித்த புத்தகம் ஒன்று உண்டு. புரட்டினேன். மனைவியை இழந்த அப்பாக்கள் கம்பீரமாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். கணவனை இழந்த அம்மா ஒருவர்கூட அழைக்கவில்லை; அந்த வீடுகளில் பெரியப்பாவோ தாய்மாமனோ அழைத்தார்கள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பாவம், அக்கா தெரியாமல் எழுதிவிட்டார் என்று இரக்கம்தான் வந்தது. உறவினர் வரிசையில் கடைசியாக இருந்த பெரியப்பாவை (கணவரின் அண்ணன்) மேலே தூக்கி, மனைவியோடு சேர்த்து அழைக்க வைத்தேன். மணமகள் இறந்துபோன அப்பாவின் மகள் மட்டும் ஆனாள். அக்கா எங்குமே இல்லை.

அதோடு நின்றேனா? நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உறையில் போட்டு, யாரும் கேட்காமலே பசை வைத்து ஒட்டியும் கொடுத்தேன். அக்கா பிரித்துப் பார்க்காமலே அறுபது வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

தம்பி செத்த பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்காத பெரியப்பா, கார்டைப் படித்த மறுநாளே துணிப்பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேளத்தை மாற்று, சமையல்காரரை மாற்று என்று ஆரம்பித்தாராம். மணமேடையில் தானே நின்று மகளின் கையைப் பிடித்துக்கொடுப்பதாக அக்கா முடிவு செய்திருந்தார். அந்த இடமும் தனக்குத்தான் என்றாராம். "கார்டுல என் பேர்தானே இருக்கு? கல்யாணம் நான்தான் செய்றேன்லா."

அக்கா கடைக்கு வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என் பேரு எங்க தம்பி?"

"முறைப்படி, அக்கா..."

"முறையா நைட் ஷிப்ட் போச்சு? நான்ல போனேன்!"

முதலாளி கார்டை வாங்கிப் படித்தார். "எழுதினது வழக்கம்தான்லா," என்றார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து, "ஆனா இவன் இனிமே இங்க இல்லம்மா," என்றார். வழக்கமும் தப்பித்தது, கடையும் தப்பித்தது.

இப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அக்கா.

"கையெழுத்து நல்லா இருக்குமா உங்களுக்கு?"

"அது நல்லா இருக்கும்கா. ஆனா புதுசாவே அடிச்சிடலாமே?"

"புதுசா அடிச்சா, என் பேரை நீங்க எடுத்தது யாருக்கும் தெரியாமப் போயிடும். தெரியணும். காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க."

(இன்றும் அந்த வீட்டில் விண்ணப்பம், கிண்ணப்பம் என்று ஏதாவது பாரம் நிரப்ப வேண்டும் என்றால் மகள் கத்துவாள்: "அண்ணன்கிட்ட குடுக்காதீங்க, அம்மாவைக் காணாமப் பண்ணிடுவாரு!")

மறுநாள் எட்டு மணிக்கு, வீடு வீடாகப் போய் அறுபது கார்டிலும் பெரியப்பா பெயரைக் கோடு போட்டு அடித்து, மேலே தனலெட்சுமி என்று பேனாவால் எழுதும் வேலையில் சேர்ந்தேன். முதல் கார்டுக்கு அக்காவின் மோட்டாரில் ஏற வேண்டிய அவசியமே வரவில்லை. அது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பையில் இருந்தது.

"பெரியப்பா," என்றேன், "அதைக் கொஞ்சம் குடுங்க."