படம் வராத பெட்டியைத் திருப்பி அனுப்பும் விஷயமாக

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சௌக்கியம். என் ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டும், அம்மாவின் முழங்கால் எதற்கும் கட்டுப்படாமலும் இருந்துவருகின்றன. உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்பதே இங்கே இருவருக்கும் நினைப்பு. போனில் சொல்ல வேண்டியதை இந்த மனுஷன் ஏன் தாளில் எழுதுகிறார் என்று யோசிக்காதே. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், நீயும் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்கிறாய். செய்தி அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதற்கு மேல் ஒன்றும் விழுவதில்லை. கடிதம் என்றால் பிரிப்பதற்காகவாவது ஒரு இடத்தில் உட்காருவாய்.

விஷயம் அந்தப் படப்பெட்டிதான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் வீட்டில் அப்படி ஒன்று மாட்டியிருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவருடைய மகள் எங்கோ இருந்துகொண்டு போனில் ஒரு படத்தைத் தட்டிவிட்டால் அது இங்கே சுவரில் வந்து நிற்கிறது. பேத்தி பல் விளக்குகிறாள், மருமகன் குடையோடு நிற்கிறார், பிறகு குடை மட்டும் நிற்கிறது, இப்படி நாள் முழுக்க. தலையணை உறை தைக்கக் கொடுக்கப் போன அம்மா, ரொம்ப நேரம் கழித்து அந்தத் துணியைக் கொடுக்காமலே திரும்பி வந்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மறுநாள் பார்த்தால், முன்னறை அலமாரியிலிருந்து ரேடியோவை இறக்கிக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்காமல் கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. நானும் போனைத் தடவித் தடவி, வெளிநாட்டுக் கடைக்காரன் ஒருவனிடமிருந்து ஒன்றை வாங்கிவிட்டேன்.

பெட்டி வந்தது. வைத்தோம், மின்சாரம் கொடுத்தோம், திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. படம் அனுப்புவதற்கான அதன் முகவரியை உனக்கு அனுப்பினேன், நீயும் "ஓகேபா" என்றாய். வட்டம் சுற்றியது. அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வட்டம் சுற்றியது. ஒரு வாரம் பொறுத்து உன்னைக் கேட்டதற்கு, "நிறைய அனுப்பிட்டேனேப்பா, வரலையா? அப்போ மெஷின்லதான் ஏதோ கோளாறு" என்றாய். எனக்கு அது போதாதா? பஸ் பணிமனை ஸ்டோரில் காலம் முழுக்கப் பழுதான சாமானைத் திருப்பி அனுப்பியே சம்பளம் வாங்கியவன் நான். பல் தேய்ந்த கியரை எண்ணெய் தடவிப் புதுசு என்று தள்ளிவிடப் பார்த்தவனையெல்லாம் வாசலோடு அனுப்பியிருக்கிறேன். மேசை இழுப்பறையில் பழைய சிவப்புச் சீட்டு ஒரு கட்டு மிச்சம் இருந்தது. ஒன்றை உருவி, "பழுது, திருப்பி அனுப்புக" என்று எழுதி, பெட்டியின் காலில் கட்டிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

கடைக்காரனுக்கு எழுதினேன். அவன் ஏதோ யந்திரத்தை வைத்துத் தமிழில் பதில் போடுகிறான் போலிருக்கிறது. "மேன்மை தங்கிய வாடிக்கையாளப் பெருமானே, தங்கள் துக்கத்தை எங்கள் தோள்களில் தாங்குகிறோம், பழுதை எல்லாக் கோணங்களிலும் படம் பிடித்து அனுப்புக" என்று வந்தது. படம் வரவில்லை என்பதை எப்படியப்பா படம் பிடிப்பது? இருந்தாலும் முன்னாலிருந்து, பின்னாலிருந்து, அலமாரி மேல் ஏறி உச்சியிலிருந்து என்று வீடியோவாகவே எடுத்து அனுப்பினேன். பாதியில் என் கட்டைவிரல்தான் தெரிகிறது, மீதியில் "என்னங்க, வந்துடுச்சா?" என்று அம்மா கேட்கும் சத்தம். அதைப் பார்த்துவிட்டுத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சம்மதித்தான். பொருள் அவனைச் சேர்ந்ததும் பணம் என்னைச் சேருமாம், அனுப்புகிற செலவு மட்டும் என்னிடமே தங்குமாம்.

கூரியர் கடைக்குப் போனேன். தராசில் வைத்துவிட்டு அந்தப் பெண் சொன்ன தொகைக்கு இதே பெட்டியை இன்னொன்று வாங்கி, மிச்சத்தில் மருந்துக்கடைக் கணக்கையும் தீர்க்கலாம். "உள்ள பேட்டரி இருக்கா சார்? அப்போ அதுக்குத் தனி பேக்கிங், தனி ரேட்டு" என்று வேறு சொன்னாள். தபால் ஆபீசில் கேட்டால், "கப்பல்ல போடலாம் சார், குறைச்சல்தான். எப்போ போய்ச் சேரும்னு கப்பலுக்குத்தான் தெரியும்" என்கிறார் கவுண்டர்காரர். கப்பல் கரை சேர்வதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும். இதைக் கடைக்காரனுக்கு எழுதினால், பாதிப் பணம் தருகிறேன், பெட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். பாதி விலைக்கு வாங்கினால் பழுதும் பாதியாகிவிடுமா? முடியாது என்று எழுதிவிட்டேன். இதற்கு நடுவில் வீட்டில் வேறு கூத்து. உன் பழைய ஸ்வெட்டரைச் சுற்றிக் காலையில் நான் பெட்டியைக் கட்டி வைப்பேன். சாயங்காலம் அம்மா அதைப் பிரித்து, அலமாரியில் வைத்து மின்சாரம் கொடுப்பாள். "எதுக்கு?" என்றால், "போறதுக்கு முன்னாடி ஒருதரம் பார்த்துடலாம். ஒருவேளை வந்தா?" என்பாள். வட்டம் சுற்றும். பிறகு ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கடைக்காரனைத் திட்டுவாள். உன் அம்மா ஒரு ஆளைத் திட்டி நான் இவ்வளவு நாளாகக் கேட்டதில்லை.

கடைசியில் கடைக்காரன் திருப்பி அனுப்பும் முகவரியைக் கொடுத்தான். பார்த்தால் உன் ஊர்! வரைபடத்தில் தேடினேன், நீ வேலைக்கு இறங்கும் ரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையம். ஆகவே நான் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், செலவில்லாமல் இதைத் திருப்பி அனுப்ப ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. நீ லீவு போட்டு இங்கே வந்து, பெட்டியை உன் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போய், அவனிடம் நேரில் கொடுத்துவிட வேண்டும். விமான டிக்கெட்டை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வேறு தலைப்பில் வரும் செலவு, ஸ்டோரில் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். நான்கு நாள் இருந்தால்கூடப் போதும். அம்மா உன் கட்டிலில் அடுக்கியிருந்த துணியையெல்லாம் எடுத்துவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் கடைக்காரனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "பெருமானே, தங்கள் பெட்டி பூரண ஆரோக்கியத்துடன் உள்ளது. பிறந்தது முதல் இன்றுவரை அதற்கு எவரும் எப்படமும் அனுப்பவில்லை. சோதனைக்காக ஒன்றை அனுப்பியுள்ளோம்" என்று. படித்து முடிக்கவில்லை, முன்னறையிலிருந்து அம்மா கத்தினாள்.

ஓடிப் போய்ப் பார்த்தால் திரையில் ஒரு மேசை. கடைக்காரன் தன் ஆபீஸ் மேசையையே எடுத்து அனுப்பியிருக்கிறான். கொஞ்சம் ஒயர், ஒரு நீலக் கப், அடியில் காய்ந்துபோன டீ. "வந்துடுச்சுங்க! புள்ள டீ குடிச்ச கப்பு! பாருங்க, கழுவாம அப்படியே வெச்சிருக்கான். அப்பவும் இப்படித்தானே?" என்று சிரிக்கிறாள். முழங்காலை மறந்து எழுந்து போய்த் தையல்காரர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். அது யார் கப் என்று சொல்லாமல், அந்த அம்மாளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

எங்கள் பணிமனையில் ஒரு டிரைவர் இருந்தார். டேங்கில் டீசல் இல்லாமல் நின்ற வண்டிக்கு என்ஜின் போய்விட்டது என்று எழுதிக்கொடுப்பார். அவரை நான் எப்படியெல்லாம் கேலி செய்திருக்கிறேன். சிவப்புச் சீட்டை அவிழ்த்துவிட்டேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று கடைக்காரனுக்கு எழுதினேன். சோதனைப் படத்தை அழித்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. லீவும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். ஏன் அனுப்பவில்லை, அனுப்பினேன் என்று ஏன் சொன்னாய் என்று நான் கேட்கமாட்டேன். எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ இளைத்திருந்தாலும் சரி, முடி கொட்டியிருந்தாலும் சரி, வேலையே போயிருந்தாலும் சரி, எங்களுக்கு நீ நீதான். அந்தக் கப் மாதிரியே ஒன்று வாங்கிக்கொள். நீலம், பிடியில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. கப் பாதி தெரிந்தால் போதும், முகம் முழுசாகத் தெரியட்டும்.

அம்மா கேட்டு எழுதச் சொன்னாள்: கப்பைக் கழுவிவிட்டாயா?