வென்டலுக்குக் கிடைத்த மலிவு இன்ஷூரன்ஸ்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வென்டல் சபதம் செய்தான். மாதம் நூறு டாலருக்குள் கார் இன்ஷூரன்ஸ் பிடிக்காமல் சமையலறை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு இன்ஷூரன்ஸ் இல்லாமல் காரை ஓட்டி, சர்ச் வாசல் பெயர்ப்பலகையைச் சாய்த்துவிட்டான். அன்றிலிருந்து, 'இவர் ஆபத்தான ஆசாமி, ஆனாலும் இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறார்' என்று கம்பெனிக்காரன் ஓஹையோ மாநில அரசுக்குச் சான்று கொடுக்க வேண்டும். அதைச் சாக்கிட்டு அவன் மாதம் இருநூற்று எண்பது டாலர் கறந்தான். அந்தத் தண்டனை நேற்றோடு முடிந்தது.

"இனிமே நான் புது மனுஷன், நோரீன். சனிக்கிழமை டிலியையும் தூக்கிட்டு ஏரிக்குப் போறோம். நான்தான் ஓட்டுவேன்."

மனைவி நோரீன் நான்கு மாதக் குழந்தை டிலியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு கரிக்கோடு.

"நீங்க ஓட்டுற வண்டியில பிள்ளையா? நடக்கிற கதையைப் பேசுங்க."

"ஒரே ஒரு பலகைடி!"

"பத்தடி உசரப் பலகை. அதுவும் அது பாட்டுக்கு நின்னுட்டிருந்துச்சு."

வென்டல் போனை எடுத்தான். முதல் கம்பெனி இருநூற்று நாற்பது என்றது.

"சான்றுதான் முடிஞ்சிடுச்சே!"

"சான்று முடிஞ்சுது சார். நீங்க இடிச்சது எங்க கம்ப்யூட்டர்ல அப்படியேதான் இருக்கு."

இரண்டாவது கம்பெனி இன்னும் பதினைந்து டாலர் கூட்டியது. மூன்றாவது, காத்திருக்கச் சொல்லி அரைமணி நேரம் பியானோ வாசித்துவிட்டுத் தொடர்பைத் துண்டித்தது. வயது என்ன, எத்தனை மைல், கடைசியாக எப்போது இடித்தீர்கள் என்று ஒன்பதாவது ஆள் கேட்டபோது, வென்டலுக்குப் பதில் மனப்பாடமாகிவிட்டிருந்தது. மதியத்துக்குள் காது பீட்ரூட் ஆனது.

"நகருங்க. பிள்ளையைப் பிடிங்க, நான் ஒரு போன் போட்டுப் பாக்குறேன்" என்று நோரீன் படுக்கையறைக்குள் போனாள். பத்தே நிமிஷம். திரும்பி வந்தாள்.

"எண்பத்தாறு டாலர்."

வென்டல் வாயைப் பிளந்தான். "எப்படிடி?"

"நயமாப் பேசினேன். உங்க கையெழுத்து வேணுமாம். இந்தாங்க, போன்லயே விரலால கிறுக்குங்க."

ஒரு கையில் டிலி நெளிந்துகொண்டிருந்தாள். மறு கை விரலால் வென்டல் கிறுக்கினான்.

"பாத்தியா, நூறுக்குள்ள முடிப்பேன்னு சொன்னேன்ல!" என்று குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, சீட்டியடித்தபடி சாவியை எடுத்தான்.

நோரீன் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"அந்த எண்பத்தாறுல நீங்க கிடையாது. உங்களை ஓட்டுனர் கணக்குலேருந்து எடுத்துட்டா அவ்வளவுதான்னு சொன்னாங்க. இனி நீங்க ஸ்டியரிங்கைத் தொட்டா இன்ஷூரன்ஸ் செல்லாது. சம்மதம்னு இப்பதானே கையெழுத்துப் போட்டீங்க."

"அப்ப நான் வேலைக்கு எப்படிப் போறது?"

"உங்க மில்லு நாலு தெரு தள்ளிதானே. நடங்க. தொப்பையும் குறையும்."

வென்டல் அவள் முகத்தைப் பார்த்தான். பல மாதத்துக்குப் பிறகு அதில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை ஏரிக்குப் போனார்கள். நோரீன் ஓட்டினாள். வென்டலுக்கு முன்சீட்டாவது கிடைத்திருக்கும். ஆனால் அதில் டயப்பர் பை உட்கார்ந்திருந்தது.