அமைச்சரின் முதல் பல்

உறை இருந்தது. உள்ளே இருந்த பல்லைத்தான் காணவில்லை.

டீச்சர் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். ஊதிப் பார்த்தாள். விரலை விட்டுத் துழாவினாள். 'முதல் பல்!' என்று அவளே வண்ணப் பேனாவால் எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பல் ஒன்றையும் வரைந்து வைத்திருந்த உறை அது. வரைந்த பல் மட்டும் பத்திரமாக இருந்தது.

மணி பதினொன்று பத்து. அந்தப் பல்லை நேரில் வாங்கிக்கொள்ள இரண்டு மணிக்கு அமைச்சரின் அம்மா வருகிறாள்.

அமைச்சருக்கு வயது ஐந்தரை. அம்மா பெற்றோர் சங்கத் தலைவி என்பதால் ஆசிரியர் அறையில் அவனுக்கு அந்தப் பட்டம். காலையில் வரும்போதே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தான். பேசாமல் உள்ளங்கையை நீட்டினான். அதில் ஒரு பல்.

டீச்சர் கடல் தாண்டி வந்த ஊரில், பதினோரு நாட்டுப் பிள்ளைகள் படிக்கிற சர்வதேசப் பள்ளி அது. அங்கே பேச்செல்லாம் வேறு மொழியில்தான் நடக்கும். நம் வசதிக்காக எல்லாரையும் தமிழிலேயே பேச விட்டுவிடுவோம். அவர்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

போன வாரம்தான் டீச்சர் ஒரு வழக்கத்தை ஆரம்பித்திருந்தாள். பல் விழுந்த பிள்ளைக்கு அன்று முழுக்கத் தங்கக் காகிதக் கிரீடம். கூடவே, டீச்சருடைய சுழல் நாற்காலியில் உட்காரும் உரிமை. ஆரம்பித்து ஏழு நாள்தான் ஆகிறது, அதற்குள் ஆறு பிள்ளைகளுக்குப் பல் விழுந்துவிட்டது. 'வயசு அப்படி' என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். யார் வாயையும் திறந்து பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. பிள்ளைகளின் வாய்க்குள் எட்டிப் பார்க்கும் உரிமை நர்ஸுக்கு மட்டும்தான் என்று பள்ளி விதிப் புத்தகத்தில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறது.

அமைச்சர் கிரீடம் சூடி நாற்காலியில் ஏறியதும் டீச்சர் சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? தலைவியைக் கொஞ்சம் குளிர வைக்கலாமே என்று கிரீடத்தோடு ஒரு படம் எடுத்து, 'உங்கள் செல்லத்துக்கு முதல் பல் விழுந்துவிட்டது!' என்று அனுப்பினாள். அரை நிமிடத்தில் பதில் வந்தது. அழுகிற முகம் நாலு, இதயம் ஏழு. 'நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அவன் அப்பாவும் வீடியோவில் வருகிறார். தாத்தாவும் வருகிறார்.'

இதைத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தப்பித்திருக்கலாம். இன்று இரண்டே காலுக்குப் பள்ளி முதல்வர் வகுப்பைப் பார்வையிட வருகிறார். போன மாதம் அவர் வந்தபோது ஒரு நீல க்ரேயானுக்காக இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். விலக்கப் போன மூன்றாமவன் கையில் கடி பட்டது. முதல்வர் அமைதியாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்: 'இவ்வகுப்பில் பகிர்ந்துகொள்ளும் பழக்கமோ, முறைக்குக் காத்திருக்கும் பழக்கமோ அறவே இல்லை.' இன்றைக்கும் அப்படியே இருந்தால் டீச்சரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. ஒப்பந்தம் இல்லையென்றால் விசா இல்லை. முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும். இவளை நம்பி ஊரில் வேலையை விட்டுவிட்டு வந்த கணவனையும், இப்போதுதான் பள்ளியில் ஒரு சிநேகிதியைப் பிடித்திருக்கும் மகளையும் சேர்த்துத்தான்.

ஒரு மாதமாக 'பகிர்ந்துக்கணும், முறை வரும்வரை காத்திருக்கணும்' என்று தொண்டை வறள வறளச் சொல்லி வந்தாள். இன்று காலையில்கூட ஒரு பசைக் குச்சிக்காக ஒருத்தி இன்னொருத்தியின் ஜடையைப் பிடித்துத் தொங்கினாள்.

டீச்சர் உறையை மேஜை இழுப்பறைக்குள் தள்ளினாள். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு கைதட்டினாள்.

"எல்லாரும் இங்க பாருங்க! ஒரு விளையாட்டு. தரையில வெள்ளையா, குட்டியா ஏதாவது கிடந்தா எடுத்துட்டு வாங்க."

பத்தொன்பது பிள்ளைகள் மேஜைக்கடியில் பாய்ந்தார்கள். வருஷம் முழுக்க நாலு வார்த்தைகூடப் பேசியிராத மௌனச்சாமி என்ற பெண் மட்டும் இடத்தைவிட்டு அசையாமல் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் டீச்சரின் மேஜைமேல் ஆறு பொத்தான்கள், தெர்மோகோல் உருண்டைகள், யாரோ எப்போதோ மென்ற சூயிங்கம், ஒரு தலைமுடி எல்லாம் சேர்ந்துவிட்டன.

"முடி எதுக்குடா?"

"வெள்ளையா இருந்துது மிஸ். உங்க தலையிலேர்ந்து விழுந்தது."

"நான்தான் முதல்ல பார்த்தேன்!" என்று இன்னொருவன் அந்த முடிக்கும் சண்டைக்கு வந்தான்.

வகுப்பில் ஒரு வக்கீல் உண்டு. இரட்டைப் பின்னல், கண்ணாடி, வயது ஆறு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ், நாம எதைத் தேடறோம்?"

"சும்மா, விளையாட்டு."

"என்ன தேடறோம்னு தெரியாமலே தேடற விளையாட்டா?"

"ஆமாம்."

"பல்லைத் தொலைச்சிட்டீங்களா?"

"சேச்சே! பல்லு பத்திரமா இருக்கு."

"காட்டுங்க."

"அது... குளிக்கப் போயிருக்கு. நர்ஸ் ரூம்ல கழுவறாங்க."

வக்கீல் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "டாய்லெட் போயிட்டு வரேன் மிஸ்" என்று கிளம்பினாள். ஒரு ஆறு வயசுப் பிள்ளை டாய்லெட் போவதில் என்ன வில்லங்கம் இருக்க முடியும் என்று டீச்சர் விட்டுவிட்டாள்.

அமைச்சர் நாற்காலியில் சுற்றிக்கொண்டே இருந்தான். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று டீச்சர் கிட்டே போனாள்.

"வலிக்குதா கண்ணா?"

அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று தெரியவில்லை. பாவம், இந்தப் பிஞ்சு மனசை எப்படி நோகடிப்பது? அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அலமாரிப் பக்கம் ஒதுங்கி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, நம்ம பொண்ணோட பால்பல்லெல்லாம் ஒரு மாத்திரை டப்பால போட்டு வச்சிருக்கேன் இல்ல? அதுலேர்ந்து ஒண்ணு கொண்டு வாங்க."

"பல்லா? எதுக்கு?"

"இப்ப கேள்வி கேக்காதீங்க. வாசல்ல குடுத்து என் வகுப்பைச் சொல்லுங்க. போதும்."

"எந்த டப்பா?"

"பீரோல, புடவைக்கு அடியில."

"எந்தப் புடவை?"

"என்னங்க!"

"சரி சரி, வரேன்."

கணவன் தங்கமான மனிதன். அவனிடம் ஒரே ஒரு குறைதான். இல்லை என்று வெறுங்கையோடு திரும்பத் தெரியாது. தக்காளி வாங்கி வரச் சொல்லி அது கடையில் இல்லையென்றால், சிவப்பாக இருக்கிறதே என்று மிளகாய் வாங்கி வருவான். புடவை அடுக்கு முழுவதையும் கலைத்துப் பார்த்தான். டப்பா கிடைக்கவில்லை. ஆனால் போன வருஷம் பிடுங்கிய அவனுடைய சொந்தக் கடைவாய்ப் பல் குளியலறை அலமாரியில் இருந்தது. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

வாசலில் காவலாளி மறித்தார்.

"பொட்டலத்துல என்ன?"

"பல்லு."

"யாருக்கு?"

"முதல் வகுப்புக்கு."

காவலாளி அதைப் பதிவேட்டில் அப்படியே எழுதினார். 'பொருள்: பல். பெறுநர்: முதல் வகுப்பு.' உடம்பு சம்பந்தப்பட்ட எதுவும் நேராக வகுப்புக்குப் போகக் கூடாது என்பது விதி. அதனால் பொட்டலம் நர்ஸ் அறைக்குப் போனது.

அதே அறைக்குச் சற்று முன்னால்தான் நம் வக்கீல், டாய்லெட் போகிற வழியில், வந்துவிட்டுப் போயிருந்தாள். "எங்க வகுப்புல அந்தச் சங்கத் தலைவி பையனுக்குப் பல்லு விழுந்துடுச்சு. உங்ககிட்ட கழுவ வந்திருக்காமே? எங்க?" என்று குறுக்கு விசாரணை செய்து, நர்ஸை நடுங்க வைத்துவிட்டுப் போய்விட்டாள். நர்ஸ் அப்படி எந்தப் பல்லையும் பார்க்கவில்லை. அந்தக் கவலையில் இருந்தவளிடம்தான் பொட்டலம் வந்து சேர்ந்தது. பிரித்தாள்.

மூன்று வேர். காபிக் கறை. நடுவில் வெள்ளி அடைப்பு.

ஐந்தரை வயசுக் குழந்தையின் வாயிலிருந்து இப்படியொரு பல்லா! நர்ஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு விதிப்படி அம்மாவுக்குத் தகவல் அனுப்பினாள்: 'உங்கள் மகனின் கடைவாய்ப் பல் வேரோடு வந்துவிட்டது. உடனே வரவும்.' விதிப்படியே முதல்வருக்கும் ஒரு நகல் போட்டாள்.

ஒரு மணிக்கே கதவு திறந்தது. முன்னால் அமைச்சரின் அம்மா, ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொரு காலில் வெளிச் செருப்பு. கையிலிருந்த போனில் அப்பாவும் தாத்தாவும் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தார்கள். பின்னால் கையில் மதிப்பீட்டுப் படிவத்தோடு முதல்வர். அதற்கும் பின்னால், ஒரு தட்டில் பல்லை ஏந்திக்கொண்டு நர்ஸ்.

"என் கண்ணே! யாருடா உன்னை என்ன பண்ணாங்க?"

அமைச்சர் வாயைத் திறக்கவில்லை. கிரீடத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"வலி தாங்காம பேச முடியலைபோல இருக்கு!" என்று போனுக்குள் தாத்தா அழத் தொடங்கினார்.

"ஆ காட்டுடா ராஜா" என்று நர்ஸ் டார்ச்சை எடுத்தாள். அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். அம்மா கெஞ்சினாள். கடைசியில் நர்ஸ் அவன் கக்கத்தில் லேசாகக் கிச்சுக்கிச்சு மூட்ட, அமைச்சர் வாய் விட்டுச் சிரித்துவிட்டான்.

நர்ஸ் எண்ணினாள். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை எண்ணினாள்.

"இருபது. எல்லாம் இருக்கு. ஒண்ணுகூட ஆடக்கூட இல்ல."

நர்ஸ் டார்ச்சை அணைத்தாள்.

"அப்ப இது யாரோடது?" என்று அம்மா தட்டைக் காட்டினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இனி ஆகாது என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரரோடது."

"என்னது?"

"உங்க பையன் காலையில ஒரு பல்லு கொண்டு வந்தான். நான்தான் தொலைச்சுட்டேன். சொல்லப் பயமா இருந்துது. அதனால வேற பல்லு கொண்டு வரச் சொன்னேன். தப்பு என்னோடதுதான்."

"பையன் வாயில பல்லே விழலையே. அப்புறம் எதைத் தொலைச்சீங்க?" என்றாள் அம்மா.

நியாயமான கேள்விதான். டீச்சர் திரும்பி அமைச்சரைப் பார்த்தாள். அவன் கிரீடத்தைக் கண்வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டான்.

முதல்வர் அங்கிருந்த குட்டி நாற்காலி ஒன்றில், முழங்கால் தாடையில் முட்ட, உட்கார்ந்தார். அதே நேரம் பார்த்து, அந்த வெள்ளை முடிக்குச் சண்டை போட்ட இரண்டு பேரும் மறுபடி ஒருவரையொருவர் தள்ளினார்கள். முதல்வர் அதையும் பார்த்தார்.

"டீச்சர், நீங்க நல்லா உழைக்கிறீங்க. எனக்கு வருத்தமாத்தான் இருக்கு" என்றார். "பல்லு விஷயத்தை விடுங்க. இந்தப் பிள்ளைங்களுக்கு எதையும் பகிர்ந்துக்கவும் தெரியல, முறைக்குக் காத்திருக்கவும் தெரியல. அதைத்தான் நான் எழுதியாகணும்."

பேனா மூடியைத் திறந்தார். டீச்சர் அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் கலைந்து கிடக்கும் புடவைகளை அப்படியே பெட்டியில் போட்டுவிடலாம், மறுபடி அடுக்குகிற வேலையாவது மிச்சம் என்று தோன்றியது.

அப்போது ஜன்னலோரத்தில் மௌனச்சாமி எழுந்து நின்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. வக்கீல்கூட வாயைப் பிளந்தாள். மௌனச்சாமி நேராக முதல்வரிடம் வந்து, மூடியிருந்த கையை அவர் முகத்துக்கு நேராக விரித்தாள்.

"பல்லு என்கிட்ட இருக்கு சார். போன வாரத்துலேர்ந்து இந்த ஒரே பல்லைத்தான் எல்லாரும் முறை போட்டுப் பகிர்ந்துக்கறோம், நாளைக்கு என் முறை."