அங்கிளின் மீன்தொட்டிக்கு நான் போட்ட உரம்

அரைகுறையாகப் படித்தவளிடம் யாரும் யோசனை கேட்கக்கூடாது. கேட்டால் சொல்லித் தொலைத்துவிடுவாள்.

கடலியல் படிப்பில் எனக்கு அது கடைசி வருஷம். கதிருக்கும் எனக்கும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். கிள்ளானில் அவன் வீட்டுக்கு முதல்முறையாகச் சாப்பிடப் போயிருந்தேன். அவன் அப்பா ஹாலில் ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருந்தார். பெற்ற பிள்ளையைவிட அருமையாக வளர்த்தார் (பெற்ற பிள்ளையே சொன்னது).

"பவளமெல்லாம் வெளுத்துப் போச்சும்மா. நீ கடல் படிக்கிற பிள்ளை, என்னன்னு பாரேன்" என்றார்.

பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. அதனால் பேச ஆரம்பித்தேன்.

"கடல் தண்ணியில நைட்ரஜன் பஞ்சம் அங்கிள். காத்துல நிறைய இருக்கு. ஆனா அதைப் பிடிச்சுச் சாப்பாடா மாத்துறது சில நுண்ணுயிருங்களுக்குத்தான் தெரியும். மிச்சத்தை ஆறு கொண்டுவரணும். உங்க தொட்டிக்கு ஏது ஆறு? பட்டினி கிடக்குது, பாவம்!"

அங்கிள் கலங்கிப்போனார். நான் பின்பக்கம் போய், ஆன்டியின் கறிவேப்பிலைச் செடியருகே இருந்த உரப் பையைத் தூக்கி வந்தேன்.

"செடிக்குப் போடறதும்மா அது..."

"எதுல இருந்தாலும் நைட்ரஜன் நைட்ரஜன்தான் அங்கிள்!"

ஒரு கரண்டி போட்டேன் (குழம்புக் கரண்டி). மீன் கழிவிலேயே நைட்ரஜன் தாராளமாக இருக்கும் என்பது பாடத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது.

அடுத்த ஞாயிறு, தேதி குறிக்க எங்கள் வீட்டார் எல்லாரும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தாம்பூலத் தட்டோடு போய் இறங்கினோம். ஹாலில் தொட்டித் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சைப்பசேல் என்றிருந்தது. அங்கிள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிய மீன்களை ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

மேருவிலிருந்து வந்திருந்த என் அத்தை கையைத் தட்டினார். "அடேயப்பா, எவ்ளோ பெரிய செண்டோல்! கப் எங்கலா?" (செண்டோல் என்பது எங்கள் ஊரில் பச்சை நூடுல்ஸ் மிதக்கும் தேங்காய்ப்பால் இனிப்பு.)

யாரும் சிரிக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். வாளியிலிருந்த மீனும் பார்த்தது.

"தேதி அப்புறம் பார்க்கலாம்" என்றார் அங்கிள்.

கதிர் முகம் செத்துவிட்டது. எனக்கு அந்த வாளிக்குள்ளேயே குதித்துவிடலாம் போலிருந்தது.

அப்போது ஆன்டி அடுப்படியிலிருந்து வந்தார். தொட்டியை ஆசைதீரப் பார்த்தார்.

"எனக்குக் காய்ச்சல்னா இவரு எட்டிப் பார்க்க மாட்டாரு. மீன் தும்மினா லீவு போடுவாரு. இன்னிக்கே தேதி குறிங்க. எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்!"

குறித்தார்கள். மீன்கள் பிழைத்துக்கொண்டன (பவளத்தைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை).

இன்றைக்கும் விருந்துகளில் மாமா என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "எங்க மருமக. கடலுக்கே உரம் போட்டவ. வீட்டுல மீன் இருந்தா ஒளிச்சு வைங்க."